வெளிநாட்டுக் கடிதம்: நீச்சல் மீட்டுக்கு வரும் தாத்தா பாட்டி கவனத்துக்கு

சிறுவர் நீச்சல் போட்டிக்கு அமெரிக்காவில் ‘ஸ்விம் மீட்’ என்று பெயர். பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும். விடிவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். இடையில் பிள்ளை மூன்று நிமிடம் நீந்தும். மற்ற நேரமெல்லாம் குடும்பம் உட்கார்ந்திருக்கும். திருவண்ணாமலை அய்யங்குளத் தெருவிலிருந்து ஆறு மாத விசாவில் நியூஜெர்சிக்கு வரும் தாத்தா பாட்டியை, விமானக் களைப்பு தீருவதற்குள், முதல் சனிக்கிழமையே இப்படி ஒரு மீட்டுக்குக் கூட்டிப்போவது இங்குள்ள வழக்கம். அவர்களை வீட்டில் தனியாக விட்டுப்போக மனம் வராதது ஒரு காரணம். பேரன் நீந்துவதைக் காட்டிப் பெருமைப்பட வேண்டும் என்பது வெளியே சொல்லாத காரணம்.

மூன்று நிமிடம் என்பது மிகையில்லை. நன்றாகப் பழகிய பத்து வயதுப் பிள்ளை 50 கெஜம் ஃப்ரீஸ்டைலை 38 விநாடியில் முடிக்கும். 50 கெஜம் பேக்ஸ்ட்ரோக்குக்கு 45 விநாடி. நாலு வகை நீச்சலும் கலந்த 100 கெஜம் மெட்லிக்கு ஒரு நிமிடம் 35 விநாடி. கூட்டினால் மூன்று நிமிடத்துக்கு இரண்டு விநாடி குறைகிறது. 12 வயதுக்கு உட்பட்டவர்களின் பந்தயங்களை நாலு மணி நேரத்துக்குள் முடிக்கும்படி திட்டமிட வேண்டும் என்பது நாட்டின் நீச்சல் அமைப்பான யு.எஸ்.ஏ. ஸ்விம்மிங்கின் விதி. அந்த விதியை எழுதியவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். பந்தயங்களுக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றும் வார்ம்-அப்புக்கு முக்கால் மணியோ ஒரு மணியோ தனி.

கார்த்திகை தீபத்தன்று காலையிலேயே திருவண்ணாமலைக் கோயிலுக்குள் இடம் பிடித்து, மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வந்து இரண்டொரு நிமிடம் காட்சி கொடுத்து உள்ளே போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பெரிதாகத் தெரியாது. அமெரிக்கப் பெற்றோர்கள்தான் லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாகத் தவிக்கிறார்கள்.

குளிர்காலத்து மீட்டுகள் கூரை போட்ட அரங்குகளில் நடக்கும். வெளியே பனி உறைந்து கிடக்கும். உள்ளே சித்திரை மாத வெக்கை. தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நனைந்த பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாது என்று காற்றை அதைவிடச் சூடாக வைத்திருப்பார்கள். ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, காதை மூடும் குல்லாய் என்று பாட்டி மகன் சொன்னதையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருப்பார். கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்ள ஆரம்பிப்பார். பார்வையாளர் இருக்கைகள் சாய்மானமில்லாத அலுமினியப் பலகைகள். வீட்டிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுபோவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வெள்ளைக்காரர்களும் கொண்டுவருகிறார்கள்.

குளத்தங்கரைக்குப் பெரியவர்கள் போக முடியாது. நீந்தும் பிள்ளைகள், கோச்சுகள், நடுவர்கள், வேலைக்கு அமர்த்தப்பட்ட தொண்டர்கள் ஆகியோருக்கு மட்டுமே அங்கே அனுமதி. துண்டு கொடுக்க, தலை துவட்ட, விபூதி வைக்க என்று எந்தக் காரணமும் செல்லாது. உடை மாற்றும் அறைக்குள் செல்போனை வெளியே எடுக்கக் கூடாது. பிள்ளைகள் குதிக்கும் மேடைக்குப் பின்னால் நின்று படம் எடுக்கவும் தடை. இவையெல்லாம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகப் போடப்பட்ட விதிகள். நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் வந்தால் நல்லது.

அரங்குக்குள் போனதும் பாட்டிக்குத் திக்கென்று இருப்பது பேரனின் கையைப் பார்க்கும்போதுதான். முழங்கைக்குக் கீழே கறுப்பு மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டி எண்கள் எழுதியிருக்கும். கட்டத்தில் மூன்று பத்தி. முதல் பத்தியில் இருப்பது ஈவென்ட் எண், எத்தனையாவது பந்தயம் என்பது. இரண்டாவது ஹீட் எண், அந்தப் பந்தயத்தில் எத்தனையாவது கூட்டம் என்பது. மூன்றாவது லேன், தண்ணீரில் எந்தத் தடம் என்பது. 14, 3, 5 என்று இருந்தால் பதினாலாவது பந்தயத்தில் மூன்றாவது கூட்டத்தோடு ஐந்தாம் தடத்தில் குதிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அது தண்ணீருக்குள் போய்விடும் என்பதால் இந்த ஏற்பாடு. மீட் முடிந்த பிறகும் அந்த மை இரண்டு நாள் அழியாது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அது ஒரு பதக்கமாக மதிக்கப்படுகிறது. ஆகையால் பிள்ளை தேய்க்க விடாது.

ஹீட் விஷயம் கொஞ்சம் சூட்சுமமானது. ஒரே பந்தயத்துக்கு நாற்பது பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தால், எட்டுத் தடக் குளத்தில் ஐந்து ஹீட்டுகளாகப் பிரிப்பார்கள். பிரிப்பது பிள்ளையின் பழைய நேரத்தைக் கொண்டு. மெதுவாக நீந்துகிறவர்கள் முதல் ஹீட்டில். வேகமானவர்கள் கடைசி ஹீட்டில். ஒவ்வொரு ஹீட்டிலும் வேகமான பிள்ளைக்கு நாலாம் தடம், அடுத்தவருக்கு ஐந்து, பிறகு மூன்று, ஆறு என்று நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். எல்லாம் முடிந்த பிறகு நேரத்தை வைத்து நாற்பது பேரையும் வரிசைப்படுத்துவார்கள். முதல் ஹீட்டில் பேரன் முதலாவதாகச் சுவரைத் தொட்டதைப் பார்த்ததும் தாத்தா போனை எடுத்து, “பையன் ஃபர்ஸ்ட்!” என்று திருவண்ணாமலைக்குச் செய்தி அனுப்பிவிடுவார். நியூஜெர்சியைவிட ஊர் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே ராத்திரிச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகிறவர்கள் எழுந்து உட்கார்ந்து பாராட்டுவார்கள். இறுதிப் பட்டியலில் பேரன் முப்பத்தொன்றாவது இடத்தில் இருப்பான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி ஹீட் முடியும் வரை போனைப் பையில் வைத்திருப்பது உத்தமம்.

குளம் பெரிதல்ல. குளிர்காலத்தில் 25 கெஜக் குளம், அதாவது 22.86 மீட்டர், அய்யங்குளத்தின் ஒரு கரையில் கால்வாசிகூட வராது. கோடையில் ஒலிம்பிக் அளவான 50 மீட்டர் குளத்துக்கு மாறுவார்கள். கெஜக் குளத்து நேரத்தையும் மீட்டர் குளத்து நேரத்தையும் ஒப்பிட்டு, பையன் கோடையில் மோசமாகிவிட்டான் என்று முடிவுகட்டுவது புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வது. சென்னை வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் நீந்தும் அண்ணன் மகனோடு ஒப்பிடுவதும் இதில் அடக்கம்.

பந்தயத்தில் நாலு வகை நீச்சல் உண்டு: ஃப்ரீஸ்டைல், மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக், தவளை நீச்சலான பிரெஸ்ட்ஸ்ட்ரோக், இரண்டு கையையும் ஒருசேர வீசும் பட்டர்ஃப்ளை. நம் ஊரில் கிணற்று மேட்டிலிருந்து குதித்து, இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி ட்யூபோ கட்டிக்கொண்டு நீச்சல் கற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஃப்ரீஸ்டைல் பந்தயத்தில் எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம் என்பதுதான் விதி. நாய் நீச்சலும் செல்லும். உள்நீச்சலுக்கு மட்டும் எல்லை உண்டு. குதித்த பிறகும் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்தாக வேண்டும். கடப்பாரை நீச்சலுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. அதற்கென்றே குளத்தைச் சுற்றி லைஃப்கார்டுகள் உட்கார்ந்திருப்பார்கள்.

குளத்தின் இரு முனைகளிலும் தண்ணீருக்கு மேலே முக்கோணக் கொடிகள் கட்டியிருப்பதை அலங்காரத் தோரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மல்லாந்து நீந்தும் பிள்ளைக்குச் சுவர் தெரியாது. சுவருக்கு ஐந்து கெஜம் முன்னால் அந்தக் கொடி கண்ணில் பட்டதும் கை வீச்சை எண்ணத் தொடங்கும். கணக்கு முடியும் இடத்தில் சுவர் இருக்கும். எண்ணத் தவறினால் தலையில் அடிபடும்.

பந்தயம் தொடங்கும் முறை வருமாறு. முதலில் குட்டிக் குட்டியாகச் சில விசில். பிறகு ஒரு நீண்ட விசில். பிள்ளைகள் மேடையில் ஏறுவார்கள். ஒரு குரல், “டேக் யுவர் மார்க்” என்று சொல்லும். குனிந்து மேடை விளிம்பைப் பிடித்து அசையாமல் நிற்பார்கள். ஹாரன் ஒலிக்கும், பாய்வார்கள். நீண்ட விசிலுக்கும் ஹாரனுக்கும் நடுவில் அரங்கமே மூச்சு விடாது. ஒரு இருமல்கூடப் பிள்ளையைத் தண்ணீரில் தள்ளிவிடலாம். அண்ணாமலையாருக்கு அரோகரா போட்டே பழகிய தொண்டைக்கு இந்த அரை நிமிடம் பெரிய சோதனைதான். ஹாரனுக்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம், தடையில்லை. தலை தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் காதில் விழாது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மட்டும் ஒவ்வொரு வீச்சுக்கும் தலை மேலே வரும். “டேய்” கேட்கும், மிச்சம் கேட்காது.

ஹாரனுக்கு முன்னால் பாய்ந்துவிட்டால் மறு வாய்ப்பு இல்லை. ஒரு காலத்தில் முதல் முறை மன்னித்து விட்டார்கள், இப்போது கிடையாது. இந்தக் கண்டிப்பான விதியால் உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ஹீட் ஒன்றில் மூன்றே பேர். இருவர் அவசரப்பட்டுப் பாய்ந்து தகுதி இழந்தார்கள். மிச்சமிருந்தவர் எக்குவடோரியல் கினி நாட்டின் எரிக் முசம்பானி. நீந்தக் கற்று ஒரு வருடம் ஆகவில்லை. 50 மீட்டர் குளத்தையே சிட்னிக்கு வந்துதான் பார்த்தார். தனியாகக் குதித்து, பாதி வழியில் திணறி, முழு அரங்கமும் எழுந்து கத்த, 1 நிமிடம் 52.72 விநாடியில் முடித்தார். ஹீட்டில் அவர்தான் முதல். அமெரிக்க மீட்டுகளிலும் எல்லோரும் முடித்த பிறகு தனியாக வந்து சேரும் பிள்ளைக்குத்தான் கைதட்டல் அதிகம். இதைப் பரிதாபம் என்று எடுத்துக்கொண்டு பாட்டி கண்ணைத் துடைக்கத் தேவையில்லை.

கண்ணைத் துடைக்க வேண்டிய கட்டம் வேறு. குளத்தங்கரையில் வெள்ளைச் சட்டை போட்ட நடுவர்கள் மெதுவாக நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் திடீரென்று ஒரு கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்துவார். தாத்தா பதிலுக்குக் கை அசைத்துவிடக் கூடாது. ஏதோ ஒரு பிள்ளை டிஸ்குவாலிஃபை ஆகிவிட்டது, அதாவது ‘டி.கியூ.’ வாங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். பட்டர்ஃப்ளையிலும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் சுவரை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும்; ஒரு கையால் தொட்டால் டி.கியூ. தவளை நீச்சலில் கால்கள் ஒருபோல உதைக்காவிட்டால் டி.கியூ. பேக்ஸ்ட்ரோக்கை முடிக்கும்போது குப்புறப் புரண்டால் டி.கியூ. எட்டு, ஒன்பது வயதில் இது வாங்காத பிள்ளை இல்லை. முதலாவதாக வந்திருந்தாலும் நேரம் பதிவாகாது. சிறு சீட்டில் காரணத்தை எழுதி கோச்சிடம் கொடுப்பார்கள். நடுவரிடம் நேரில் போய், “சின்னப் பிள்ளைதானே, பார்த்துப் போடுங்கள்” என்று கேட்க முடியாது. கேட்டவர்கள் உண்டு. நடுவர்கள் சிரித்துக்கொண்டே மறுப்பார்கள். அவர்களும் சம்பளம் வாங்காமல் வந்த யாரோ ஒரு பிள்ளையின் அப்பா அம்மாதான்.

மீட் முழுவதுமே அப்பா அம்மாக்களின் தலையில்தான் ஓடுகிறது. மீட்டுகளில் வேலை செய்து கொடுப்பது பல கிளப்புகளில் கட்டாயம். அதிகம் ஆள் தேவைப்படுவது டைமர் வேலைக்கு. ஒவ்வொரு தடத்தின் முனையிலும் இரண்டு பேர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார்கள்; ஹாரனுக்கு அமுக்கி, பிள்ளை சுவரைத் தொட்டதும் மறுபடி அமுக்குவார்கள். மகனை அந்த வேலைக்கு இழுத்துப் போய்விட்டால் அவர் நாலு மணி நேரமும் இரண்டாம் தடத்தில் ஊரார் பிள்ளைகளுக்கு நேரம் எடுப்பார். சொந்தப் பிள்ளை ஏழாம் தடத்தில் நீந்தி முடித்திருக்கும். ஷூவும் சாக்ஸும் நனைந்து வீடு திரும்புவார். தொட்டதும் நேரத்தைப் பதியும் தொடுபலகை சுவரில் இருந்தாலும் ஆள் வேண்டுமா என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பலகையை அழுத்தித் தொடுவதில்லை. அப்போது டைமரின் கணக்குத்தான் கைகொடுக்கும்.

அந்தத் தொடுபலகை வந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொட்டார்கள். லார்சன் தடத்தின் மூன்று கடிகாரங்களும் குறைந்த நேரம் காட்டின. கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நடுவர்கள் டெவிட்டுக்குத் தங்கம் கொடுத்தார்கள். முறையிட்டும் தீர்ப்பு மாறவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தொடுபலகை வந்தது. பிறகு நுணுக்கம் எல்லை மீறியது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றார். அத்தனை துல்லியமாக எந்தக் கொத்தனாரும் குளம் கட்ட முடியாது. தடத்துக்குத் தடம் நீளமே அதைவிடக் கூடக் குறைய இருக்கும். ஆகவே விநாடியில் நூற்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குள் சமமாக வந்தால் சமம்தான். 2016 ரியோவில் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 50.39 விநாடியில் தங்கம் வென்றபோது, ஃபெல்ப்ஸ், லே க்ளோஸ், செஹ் மூவரும் 51.14 விநாடியில் தொட்டு வெள்ளியைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்த நூற்றில் ஒரு பங்கு வீடுகளைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. வயதுவாரியாக பி, பிபி, ஏ, ஏஏ, ஏஏஏ, ஏஏஏஏ என்று நாடு முழுவதற்கும் நேரத் தரம் வகுத்திருக்கிறார்கள். ‘பிபி’யில் இருக்கும் பிள்ளை ‘ஏ’வுக்கு அரை விநாடி தூரத்தில் இருந்தால் அந்த வீட்டில் வேறு பேச்சு இருக்காது. பிள்ளைகள் பக்கத்துத் தடத்தை ஜெயித்தோமா என்பதைவிட, போன மாதத்து நேரத்தைக் குறைத்தோமா என்றுதான் பார்க்கிறார்கள். சுவரைத் தொட்டதும் தலையைத் திருப்பி மின்பலகையைப் பார்ப்பது அதற்குத்தான். மற்றவர்கள் ‘மீட் மொபைல்’ என்ற செயலியில் பார்த்துக்கொள்ளலாம். முப்பத்தொன்றாவதாக வந்த பேரன் துள்ளிக் குதிப்பதும், இரண்டாவதாக வந்த பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைச் சிந்துவதும் ஏன் என்று இப்போது விளங்கும். தாத்தா கேட்க வேண்டிய கேள்வி, “எவ்வளவு குறைச்சே?” என்பது.

பிறந்தநாளிலும் எச்சரிக்கை தேவை. வயதுப் பிரிவு பெரும்பாலும் 8-க்கு உட்பட்டோர், 9-10, 11-12, 13-14 என்று போகும். மீட் தொடங்கும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு. பத்து வயதுக்காரர்களில் கொடிகட்டிப் பறந்த பிள்ளை, பதினொன்று நிரம்பிய மறுநாள் மீசை முளைக்கத் தொடங்கிய பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு நடுவில் முதல் ஹீட்டில் நிற்கும். அதனால் வாழ்த்துச் சொல்லப் போன் செய்த பாட்டி அழுகைச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். நட்சத்திரப் பிறந்தநாள் செல்லுபடியாகாது.

செலவு உண்டு, ஆனால் ஒரு பெரிய செலவு தள்ளிப் போயிருக்கிறது. வேகத்துக்கென்றே தைத்த ‘டெக் சூட்’ என்ற இறுக்கமான உடைக்குப் பல நூறு டாலர். ஒருவர் பிடிக்க ஒருவர் இழுத்து மாட்டுவதற்கே கால் மணி நேரம் ஆகும். 12 வயதுக்கு உட்பட்டவர்கள் அதைப் போடக் கூடாது என்று 2020 செப்டம்பரிலிருந்து தடை. பெற்றோர்கள் வரவேற்ற அபூர்வமான தடைகளில் இது ஒன்று. தலைக்கு நல்லெண்ணெய் தடவி அனுப்பினால் தொப்பி வழுக்கி முதல் திருப்பத்திலேயே தண்ணீரில் மிதக்கும். அன்று ஒரு நாள் எண்ணெய் வேண்டாம்.

சாப்பாட்டில் பாட்டியின் கை ஓங்கியிருக்கும், ஓங்கட்டும். பந்தயத்துக்கு முன்னால் வாழைப்பழம், ரொட்டி. தயிர்சாதம் கொடுத்தால் பிள்ளை மேடையிலேயே கொட்டாவி விடும். அரங்கக் கடையில் விற்கும் டோனட்டும் நாச்சோவும் பெரியவர்கள் வாய்க்கு ஒத்துவராது. புளியோதரை தாங்கும். கடைசிப் பந்தயம் முடிந்து டப்பாவைத் திறந்தால் பெருங்காய வாசனைக்கு நாலு கோச்சுகள் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஊறுகாய் கொண்டுபோகக் கூடாது. உடைந்தால் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளுக்கு ஆபத்து.

இத்தனை பாடும் பிள்ளை ஒலிம்பிக் போவதற்கா என்று ஊரில் கேட்பார்கள். அப்படிப் போகிறவர்கள் கோடியில் ஒருவர். ஒலிம்பிக் இல்லாமலே நீச்சலில் பெயர் எடுத்தவர்களும் உண்டு. மகன் வேதாந்தின் பயிற்சிக்காக நடிகர் மாதவன் 2021-இல் குடும்பத்தோடு துபாய்க்கே குடிபோனார். 2022 டேனிஷ் ஓபனில் பையன் 800 மீட்டரில் தங்கம் வாங்கினான். 1994-இல் சிறுவன் குற்றாலீஸ்வரன் ஒரே ஆண்டில் ஆறு நீரிணைகளைக் கடந்து, ஐந்து கடந்திருந்த மிஹிர் சென் என்பவரை முந்தியபோது தமிழ்நாடே பேசியது. அவர்கள் கதை வேறு. இங்குள்ள பெரும்பாலான வீடுகளில் பிள்ளை நீந்துவது, ராத்திரி ஒன்பது மணிக்கே தூங்கிவிடுகிறது என்பதற்காக. தண்ணீர் பயம் போய்விட்டது என்பதற்காகவும்தான். கோடை விடுமுறை வந்தால் கிணற்றிலும் ஏரியிலும் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பெட்டியில் இடமிருந்தால் கொண்டுவர வேண்டியது ஒன்றே ஒன்று. அமெரிக்கத் துண்டுகள் கம்பளி கனத்துக்கு இருக்கும். முதல் பந்தயத்தில் நனைந்தால் நாலாவது பந்தயம் வரை காயாது. தேரடித் தெருக் கடைகளில் ஈரிழைத் துண்டு கிடைக்கும். ஆறு போதும். கரை சிவப்பாக இருந்தால் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சௌகரியம்.